நாற்பத்தொன்றாவது பத்தி

சிவப்பு இன்னும் வரவில்லை. கறுப்புத் திரையின் மேல்மூலையில் வெள்ளைச் சதவீத எண் ஒன்று முப்பத்தாறு, முப்பத்தாறு, முப்பத்தாறு என்று நின்று நின்று, பிறகு மனசில்லாமல் முப்பத்தேழுக்கு நகர்ந்தது. மதலேன் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். முழுசாகச் சாய்ந்து உட்கார்ந்தால் அந்த அசைவிலேயே ஏதாவது அறுந்துவிடும் என்பதுபோல ஒரு பயம். மணி பத்தே முக்கால். இங்கே இரண்டு மணி ஆகும்போது பாரீஸில் ஒரு வழக்கறிஞரின் அலுவலகம் திறக்கும். திரைக்கு அந்தப் பக்கம் இரண்டு முகங்கள் வந்து உட்காரும். அதற்குள் இந்தக் கணினிப் பெட்டி சரியாகியிருக்க வேண்டும். பெட்டி அவள் கையாலேயே கட்டியது. ஐந்து வாரம்தான் ஆகிறது. பாகம் பாகமாக வரவழைத்து, நெல்லித்தோப்பு வீட்டின் மாடியில் சாப்பாட்டு மேசைமேல் துணி விரித்துப் பரப்பி, ஒரு கண்ணை வீடியோவிலும் ஒரு கண்ணைத் திருப்புளியிலும் வைத்து இரண்டு நாள் கட்டினாள். பத்தொன்பது வருஷம் பிரான்சில் குடும்பம் நடத்திய வீட்டில் மின்விளக்குக்குப் பல்பு மாற்றக்கூட அவளை விட்டதில்லை, தொடாதே நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியே ஒரு மனுஷன் அவள் கையைக் கட்டிவைத்திருந்தான். அவன் அங்கேயே இருந்துகொண்டான், அவள் மட்டும் நாற்பத்தேழு வயசில் இரண்டு பயணப் பெட்டியோடு புதுச்சேரிக்குத் திரும்பினாள். அதனால்தானோ என்னவோ பொத்தானை அழுத்தியதும் உள்ளே மின்விசிறி சுற்றி விளக்கு எரிந்தபோது பிரசவ அறையில் குழந்தை அழுத சத்தம் கேட்டதுபோல அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. நான்காம் நாள் முதல் நீலத்திரை. சொல்லிக்கொள்ளாமல் வரும், ஏதோ வாக்கியத்தின் நடுவில் வரும், சோக முகம் ஒன்றைக் காட்டிவிட்டுத் தானே அணைந்து தானே எழும். ஒரு நாளில் மூன்று தடவை வரும். பிறகு நான்கு நாள் ஒன்றும் ஆகாது, அவளும் சரியாகிவிட்டது என்று நம்பிவிடுவாள். அந்த நம்பிக்கைதான் அவளை நாசமாக்கியது. ஒரேயடியாகக் கெட்டுப்போயிருந்தால் தூக்கிக் கடையில் கொடுத்திருப்பாள். இது நல்ல நாளும் கெட்ட நாளுமாக, குடித்துவிட்டு வருகிறவனோடு குடித்தனம் நடத்துகிற மாதிரி, இன்றைக்கு எப்படி இருக்குமோ என்று காலையில் எழுந்ததும் அதன் முகத்தைப் பார்க்க வைத்தது. விண்டோஸை இரண்டு முறை அழித்துப் போட்டாயிற்று. நேற்றுதான் கடைக்காரர் ஞானசேகர் போனில் சொன்னார், மேடம் முதல்ல ராமை, அந்த மெமரித் தகட்டைச் சோதிங்க, பென் டிரைவ்ல ஒரு நிரல் இருக்கு, அது பொய் சொல்லாது என்று. அது நினைவகத்தின் ஒவ்வொரு அறையாகப் போய் எதையாவது எழுதிவைக்குமாம், பிறகு திரும்பி வந்து எழுதினது எழுதினபடியே இருக்கிறதா என்று வாசித்துப் பார்க்குமாம். எழுதியது ஒன்று வாசித்தது ஒன்று என்றால் சிவப்பு வரி. அவ்வளவுதான். இதைக் கேட்டபோது அவள் போனை இன்னும் காதோடு அழுத்திப் பிடித்தாள். ஏனென்றால் இன்றைக்கு இரண்டு மணிக்கு அவளுடைய வேலையும் அதேதான்.

வாசித்துக் காட்ட வேண்டும். தயாபரன் என்கிற மனுஷன் மூன்று வாரத்துக்கு முன்னால் தமிழில் சொன்னதை அவள் பிரெஞ்சில் சொல்லி, அதை ஒதீல் என்கிற அந்தப் பெண் வழக்கறிஞர் தட்டச்சு செய்து, எண் போட்ட பத்திகளாக்கி, நேற்று அவளுக்கும் ஒரு பிரதி அனுப்பியிருக்கிறார். இன்று அதைப் பத்தி பத்தியாகத் திரும்பவும் தமிழில் அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அவர் ஒவ்வொன்றுக்கும் சரி என்று சொல்ல வேண்டும். பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து. பிறகு அது அகதிகளுக்கான தீர்ப்பாயத்துக்குப் போகும். அவரை அங்கே இருக்க விடுவதா, விமானம் ஏற்றி இலங்கைக்குத் திருப்பி அனுப்புவதா என்று அந்தக் காகிதத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். கடைசி வாய்ப்பு. அதைத் தயாபரனே சொல்லியிருந்தார், சாதாரணமாக, பஸ் போய்விடும் என்பதுபோல. அன்றைக்கு ஒன்றரை மணி நேரம் பேசினார். முதல் ஒரு மணி நேரம் எட்டு நாளைப் பற்றி, எங்கேயென்று இன்றைக்கும் அவருக்குத் தெரியாத ஒரு கட்டடத்தில் அடைத்து வைத்திருந்த எட்டு நாள். அவள் அவருடைய ‘நான்’ஐயே தன் ‘நான்’ஆக்கி, என் காலை மடக்கிக் கட்டினார்கள், எனக்குத் தாகமாக இருந்தது என்று பிரெஞ்சில் சொல்லிக்கொண்டே போனாள், அதுதான் தொழில், சொல்லி முடித்தபின் தன் கணுக்காலைத் தொட்டுப் பார்த்துக்கொள்வது மட்டும் அவளுடைய சொந்தப் பழக்கம். ஒன்பதாம் நாளுக்கு வந்தபோது அவர் அழுதார். அழுகை நின்று, மூக்கைச் சிந்தி, தண்ணீர் குடித்து, ஒன்பதாம் நாள் விடியக்குள்ள என்று ஆரம்பித்தார், மாமா என்றார், வாசல் என்றார், அவள் பென்சிலால் குறித்துக்கொண்டிருந்தாள், அவர் நிறுத்தினார், அவள் ஒன்பதாம் நாள் விடியற்காலை என்று பிரெஞ்சில் வாயைத் திறந்தாள், நீலத்திரை. ஆறு நிமிஷம். திரும்ப வந்தபோது இரண்டு முகங்களும் அப்படியே காத்துக்கொண்டிருந்தன. ஒதீல் சிரித்து, மதாம், ஒன்பதாம் நாள் விடியற்காலை என்று நிறுத்தினீர்கள் என்றார். மாமாவும் வாசலும் தவிர அவர் சொன்னது அவள் நினைவிலிருந்து நழுவியிருந்தது. விதி என்ன? மறுபடியும் சொல்லச் சொல்லிக் கேட்க வேண்டும். அது ஒரு வார்த்தை. அண்ணா, இன்னொரு தடவை சொல்லுங்கள். அவள் அதைச் சொல்லவில்லை. அவர் முகம் இன்னும் ஈரமாக இருந்தது என்று நேற்று வரை தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்தாள். ஈரம்தான். ஆனால் பதினோரு வருஷத்தில் ஒரு தடவைகூட ஒருத்தரைத் திரும்பச் சொல்லச் சொன்னதில்லை என்ற கர்வமும் இருந்தது. போன மாசம் ஒரு ஆஸ்பத்திரி வேலையின்போது கணுக்கால் என்ற வார்த்தை தமிழிலும் இல்லாமல் பிரெஞ்சிலும் இல்லாமல் ஒரே நேரத்தில் மறைந்துபோய், இருட்டில் படிக்கட்டு முடிந்துவிட்டதுபோலக் கால் அந்தரத்தில் நின்றதே, அந்தப் பயமும் இருந்தது. கேட்டால் மறதி தெரிந்துவிடும். கேட்கவில்லை. ஒன்பதாம் நாள் விடியற்காலையில் என் மாமா வாசலுக்கு வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனார் என்று பிரெஞ்சில் அழகாக, தடங்கல் இல்லாமல் சொன்னாள். ஒதீல் தட்டச்சு செய்தார். அதுதான் இன்றைக்கு நாற்பத்தொன்றாவது பத்தி.

ஐம்பத்திரண்டு. திரை ஐம்பத்திரண்டிலேயே நிற்கிறது. நேற்று இரவுச் சாப்பாட்டுக்கு முன் அந்தப் பிரதியைப் படித்தபோதுகூட நாற்பத்தொன்றைத் தாண்டிப் போய்விட்டாள், நன்றாகத்தானே இருக்கிறது என்று. ஐம்பத்தெட்டாவது பத்தியில்தான் சிக்கியது. அந்த மாதத்திலிருந்து இன்றுவரை என் மாமி தனியாகவே வசிக்கிறாள். இதை மொழிபெயர்த்தவளே அவள்தான், நடந்துகொண்டே தபால் பெட்டியில் கடிதம் போடுவதுபோல, நின்று பார்க்காமல். எந்த மாதத்திலிருந்து? அந்த மாதத்திலிருந்துதான், அந்த ஒன்பது நாள் வந்த மாதம். கூட்டிக்கொண்டு போன மாமா அதே மாதத்தில் எங்கே போனார்? எழுந்துபோய்ப் பழைய குறிப்பேட்டை எடுத்தாள். பக்கத்தின் நடுவில் ஒன்பது என்று ஓர் எண், மா என்ற எழுத்தைச் சுற்றி ஒரு வட்டம், இரண்டு கோடு நிறுத்திய வாசல், வாசலுக்கு நடுவே ஓர் அம்புக்குறி. மொழிபெயர்ப்பாளர்கள் வார்த்தை எழுதமாட்டார்கள், படம்தான். இரண்டு நிமிஷம் ஞாபகம் வைக்கத்தான் அந்தப் படம், அதற்கு மேல் அது யாருக்கும் ஒன்றும் சொல்லாது. அம்பின் முனை எந்தப் பக்கம் என்று விளக்கின் கீழே பிடித்துப் பார்த்தாள். உள்ளே பார்த்திருந்தது. வாசலுக்கு உள்ளே. அல்லது அவசரத்தில் கோட்டின் கடைசியில் பென்சில் திரும்பியதா? வட்டத்திலிருந்து கிளம்பி வாசலுக்குள் போகிற அம்பு என்றால் மாமா உள்ளே போனார். அவர் உள்ளே போனார் என்றால் இவர் எப்படி வெளியே வந்தார்? அவருக்குப் பதில் இவரா, இவருக்குப் பதில் அவரா. அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அண்ணி கீழேயிருந்து சாப்பிடக் கூப்பிட்டது காதில் விழுந்தும் விழாமலும் இருந்தது. அந்தக் குரலை மறுபடி கேட்க முயன்றாள், தயாபரனின் குரலை, ஒன்பதாம் நாள் விடியக்குள்ள, அதற்குப் பிறகு தன்னுடைய குரல்தான் வந்தது, பிரெஞ்சில், தடங்கல் இல்லாமல். எத்தனை தடவை ஓட்டினாலும் அதே இடத்தில் அவர் வாய் அசைய, அவள் குரல் வந்தது. எழுதினதன்மேல் எழுதிவிட்டாள். அடியில் இருந்தது போய்விட்டது.

சிவப்பு. ஐம்பத்திரண்டில் ஒன்று. கண்ணைச் சிமிட்டுவதற்குள் ஏழு. பிறகு எண்ண முடியவில்லை, திரை முழுக்க அடுக்கடுக்காகச் சிவப்பு வரிகள், மழை பிடித்துக்கொண்டதுபோல.  ஆனால் அவளைப் பயமுறுத்தியது சிவப்பு இல்லை. அதைப் பார்த்த கணத்தில் உள்ளே எங்கோ ஒரு மூலையில் அப்பாடா என்று யாரோ மூச்சுவிட்டார்கள், அதுதான். பெட்டி செத்துவிட்டது. இனி ஒன்றும் செய்ய முடியாது. வேலை கொடுக்கிற மொழிபெயர்ப்பு முகமைக்கு போன் செய்து இயந்திரக் கோளாறு என்று சொல்லலாம், அது பொய்யும் இல்லை. அவர்கள் பதிவு செய்த கணினி இது ஒன்றுதான், வேறு எதிலும் உட்காரக்கூடாது என்பது அவர்கள் போட்ட விதியே. பட்டியலில் அடுத்தாற்போல் இருக்கிற யாராவது, லியோனில் ஒரு பையன் இருக்கிறான், அவன் வருவான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. நாற்பத்தொன்றைக் கண் சிமிட்டாமல் வாசிப்பான். தயாபரன் ஓம் என்பார், ஆமாம் என்பதற்கு அவர்கள் ஊர்ச் சொல். அவர் எல்லாவற்றுக்கும் ஓம் என்பார், அதுதான் விஷயம். அன்றைக்கு ஒதீல் உங்கள் பிறந்த தேதி தவறாக இருக்கிறதா என்று கேட்டதற்குக்கூட முதலில் ஓம் அக்கா என்று சொல்லிவிட்டு, பிறகு இவள் மறுபடி கேட்ட பின்புதான் இல்லை, சரியாத்தான் கிடக்குது என்றார். எதிரில் இருக்கிறவர் காகிதமும் பேனாவுமாக இருந்தால் மறுத்துப் பேசக்கூடாது என்று அவர் உடம்பே கற்றுக்கொண்டிருக்கிறது. வெள்ளைக்காரர்கள் வைத்த இந்த வாசித்துக் காட்டும் ஏற்பாடு, தவறு இருந்தால் மனுஷன் வாயைத் திறந்து சொல்லிவிடுவான் என்ற நம்பிக்கையில் வைத்தது. நம்முடைய ஆட்களுக்கு அது பலிக்காது. அக்கா வாசிக்கிறா, அக்காவுக்குத் தெரியாதா, ஓம். அப்புறம் தீர்ப்பாயத்தில் யாராவது ஒருவர் ஐம்பத்தெட்டைப் படித்துவிட்டு நாற்பத்தொன்றுக்குத் திரும்புவார். மாமா வந்து கூட்டிப் போனார் என்கிறாய், மாமி தனியாக இருக்கிறாள் என்கிறாய், எது பொய்? ஒரு பொய் போதும் அவர்களுக்கு. நேற்று ராத்திரியே ஒதீலுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினாள், போனில், மூன்று வரி. அனுப்பவில்லை. காலையில் அதை எடுத்து வார்த்தைகளைத் திருத்தினாள். ஐயம் என்பதைச் சிறு ஐயம் என்று மாற்றினாள். பிறகும் அனுப்பவில்லை. அனுப்பினால் முகமைக்குப் போகும். முகமைக்குப் போனால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். பெயர் போனால் அவள் யார்? இந்தத் தெருவில் அவள் பிரான்சிலிருந்து திரும்பி வந்தவள், புருஷனை விட்டவள், அண்ணன் வீட்டு மாடி. திரைக்கு முன்னால் உட்கார்ந்தால் மட்டும்தான் அவள் மதலேன்.

பெட்டியை அணைத்து, பக்கத்து மூடியைக் கழற்றி, ஞானசேகருக்கு போன் போட்டாள். சிவப்பு எத்தனை வந்துச்சு என்று கேட்டார். எண்ண முடியலை என்றதும் அந்த மனுஷர் சந்தோஷப்பட்டதுபோல் இருந்தது, அப்ப ராம் தான் மேடம், இல்லாட்டி அது உக்காந்திருக்கிற ஸ்லாட்டு, கழட்டி வெளிச்சத்துல பாருங்க, அழி ரப்பர் வெச்சிருக்கீங்களா என்றார். இரண்டு பக்கத்துக் கொக்கியையும் விலக்கி அந்தப் பச்சைத் தகட்டை எடுத்தாள். விரல் நீளத்துக்குக் கொஞ்சம் மேல். அதன் அடி விளிம்பில் பொன் நிறப் பற்கள் வரிசையாக இருக்க வேண்டும். ஒரு ஓரத்தில் ஏழெட்டுப் பற்கள் பொன்னாக இல்லை, பாசி பூத்த செம்புக் குடம் மாதிரிப் பச்சை கட்டியிருந்தன. டார்ச்சை அடித்துக் குனிந்து பார்த்தாள். ஸ்லாட்டுக்குள்ளும் அதே இடத்தில் வெள்ளையாக, உப்பு காய்ந்ததுபோல ஒரு பொருக்கு. கடற்காற்றா? ஐந்து வாரத்தில் கடற்காற்று இத்தனை செய்யுமா? அப்போது அண்ணி பிலோமின் காப்பித் தம்ளரோடு மாடியேறி வந்து, திரும்பவும் வயித்தக் கிழிச்சாச்சா என்றபடி தம்ளரை வைக்க இடம் தேடினாள். அண்ணி அவளைவிட இரண்டு வயசு பெரியவள், வாய்க்குப் பூட்டுக் கிடையாது, இவள் திரும்பி வந்த அன்றைக்கு எதற்கு வந்தாய் என்று கேட்காத ஒரே ஆள். மதலேன் டார்ச்சை அவள் பக்கம் நீட்டி, இங்க பாருங்க அண்ணி, தண்ணி பட்ட மாதிரி இருக்கு என்றாள். அண்ணி குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தாள். மறுபடி குனிந்தாள்.

“தீர்த்தமா இருக்கும்,” என்றாள்.

“எந்தத் தீர்த்தம்?”

“நீ கட்டி முடிச்ச மறுநாள். குளிக்கப் போயிருந்த, இது மூடியில்லாம கெடந்துச்சு. வீட்டுக்குப் புதுசா ஒரு பொருள் வந்தா தெளிக்காம விடுவாங்களா? மாதா கோயில் தீர்த்தம், உப்புப் போட்டு மந்திரிச்சது, அதுதான் விசேஷம்னு சாமியார் சொன்னாரு. உங்க அண்ணன் பைக்குக்குத் தெளிச்சேன், ஃபிரிட்ஜுக்குத் தெளிச்சேன், ஒண்ணும் ஆகலையே.”

“ஃபிரிட்ஜைத் தொறந்து வெச்சா தெளிச்சீங்க?”

“இதுல எல்லாம் உள்ளதான இருக்குன்னு சொன்ன. சரி, உள்ளயும் ரெண்டு சொட்டு விட்டேன்.”

சிரிப்பு வந்துவிட்டது மதலேனுக்கு, வந்த சிரிப்பு பாதியிலேயே வேறு ஏதோவாக மாறி, அதை இருமலாக்கிக்கொண்டாள். ரெண்டு சொட்டு. மந்திரித்த உப்பு. அது மூன்று நாள் மெதுவாகப் பொன்னைத் தின்று, அதன் பின் எப்போதாவது ஒரு நேரம், எங்கோ ஓர் அறையில் எழுதினதை மாற்றி வாசித்து, அந்தக் கணத்தில் எங்கேயோ ஒரு மனுஷன் மாமா என்றும் வாசல் என்றும் சொல்லிக்கொண்டிருந்தான். அண்ணி அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்து, உன் வேலைக்கு ஏதாவது ஆயிடுச்சா என்று கேட்டாள். அதைப் பற்றி வீட்டில் பேசக்கூடாது, கையெழுத்துப் போட்டிருக்கிறாள், ஆகவே மிஷினு அணைஞ்ச நேரத்துல ஒரு ஆள் சொன்னது விட்டுப்போச்சு, அவருக்கு அது முக்கியம் என்று மட்டும் சொன்னாள். அண்ணி தம்ளரைத் தரையில் வைத்தாள்.

“அப்ப ஒங்க ஆபீசுக்குப் போன் போடு, நான் பேசுறேன். தண்ணி ஊத்துனது நான்தான்னு சொல்றேன். எனக்கென்ன பயம்.”

பிரெஞ்சு தெரியாதே என்றதற்கு, நீ சொல்லு, நான் சொல்றத அப்படியே சொல்லு, அதுக்குத்தான் ஒன்ன வெச்சிருக்காங்க என்றாள் அண்ணி. கிண்டல் இல்லை, நிஜமாகவே சொன்னாள். பிறகு மீன் அடுப்பில் இருக்கிறது என்று இறங்கிப் போய்விட்டாள். படியில் அவள் செருப்புச் சத்தம் தேய்ந்த பின்னும் மதலேன் அந்தப் பச்சைத் தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். எனக்கென்ன பயம். தண்ணீர் ஊற்றினதைச் சொல்ல அண்ணிக்கு என்ன பயம், ஊற்றினது அவ்வளவுதானே, ஊற்றியது தண்ணீர். அணைந்துபோனது பெட்டியின் குற்றம், பெட்டியைக் கெடுத்தது தீர்த்தம், தீர்த்தத்தைத் தெளித்தது அண்ணி. சங்கிலி அழகாகக் கோர்த்துக்கொண்டு வந்து அந்த ஆறு நிமிஷத்தின் கடைசியில் நின்றுவிடுகிறது. அதற்கு அடுத்த வாக்கியத்தை எந்தத் தண்ணீரும் சொல்லவில்லை. அழி ரப்பரால் பற்களைத் தேய்த்தாள், மேலிருந்து கீழாக மட்டும், ஞானசேகர் சொன்னபடி. பச்சை பொடிப்பொடியாக உதிர்ந்து அடியிலிருந்து மங்கலாகப் பொன் வந்தது. தூரிகையால் துடைத்தாள். ஸ்லாட்டைத் துடைக்க முடியாது, அது போனது போனதுதான், விட்டுடுங்க, பக்கத்துல ஒண்ணு சும்மாத்தான இருக்கு அதுல போடுங்க என்றிருந்தார். சரி. பக்கத்தில் நல்ல ஸ்லாட்டு. இந்தப் பக்கம் பொருக்குக் கட்டிய ஸ்லாட்டு. இரண்டுக்கும் நடுவே விரல்கடை இடைவெளிகூட இல்லை. தகட்டைப் பிடித்திருந்த கை கெட்ட ஸ்லாட்டின் மேல் போய் நின்றது. எப்படிப் போனது என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். இதில் சொருகினால் ஒருவரும் கேட்கமாட்டார்கள். பெட்டி தானாகவே, பத்தாவது பத்தியிலோ முப்பதாவது பத்தியிலோ, நாற்பத்தொன்று வருவதற்கு முன் அணைந்துவிடும், லியோன் பையன் வருவான், ஒதீல் பரவாயில்லை மதாம் என்பார். கட்டை விரலால் அழுத்தினாள். ஒரு பக்கத்துக் கொக்கி டக்கென்று ஏறியது. அந்தச் சத்தத்தில் கட்டை விரலை எடுத்துவிட்டாள். அவள் இன்னும் ஒன்றும் செய்யவில்லை, இன்னொரு பக்கம் ஏறவில்லை, பாதிதான், பாதி செய்ததற்கு என்ன பெயர். கோயிலில் பன்னிரண்டு மணி அடித்தது. கீழே அண்ணி மீன் கரண்டியோடு நின்றே மத்தியான செபத்தை முணுமுணுப்பது கேட்டது, வார்த்தை கேட்கவில்லை, அந்த ஏற்றமும் இறக்கமும் மட்டும். மணி நின்றதும் கொக்கியை விலக்கித் தகட்டைப் பிடுங்கி, யோசிக்க இடம் கொடுக்காமல் பக்கத்து ஸ்லாட்டில் இரண்டு பக்கமும் அழுத்தினாள். சோதனையை மறுபடி ஓட்டினாள். பதினாறு, இருபத்தெட்டு, நாற்பத்தொன்று, அந்த எண்ணில் மூச்சைப் பிடித்துக்கொண்டாள், ஐம்பத்திரண்டு, ஐம்பத்துமூன்று. எண் ஓடிக்கொண்டே போனது. ஒன்றே காலுக்கு நூறு. சிவப்பு ஒன்றுகூட இல்லை. தப்பிக்க இருந்த கதவு சாத்திக்கொண்டதுபோல் இருந்தது அவளுக்கு. சாப்பிடவில்லை. கீழே போய் முகம் கழுவிப் புடவையைச் சரிசெய்துகொண்டு வந்தாள்.

இரண்டு மணிக்கு முகங்கள் வந்தன. ஒதீல் கம்பளிச் சட்டை போட்டிருந்தார். அங்கே இன்னும் காலை ஒன்பதரை, சன்னலுக்கு வெளியே சாம்பல் வெளிச்சம். தயாபரன் தலையை எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தார், மேல் பொத்தான் வரை பூட்டிய வெள்ளைச் சட்டை, கையெழுத்துப் போட வந்தவர் என்று பார்த்தாலே தெரிந்தது. வணக்கம் அக்கா என்றார். வாசிக்க ஆரம்பித்தாள். ஒன்று. ஓம் அக்கா. இரண்டு. ஓம். மூன்று, நான்கு, பத்து. ஓம், ஓம். ஒவ்வொரு ஓமுக்கும் ஒதீல் ஓரத்தில் ஒரு கோடு போட்டார். பெட்டிக்குள் மின்விசிறி ஒரே சீராக ஓடியது. அவள் குரலும் ஓடியது, இரண்டு மொழிக்கும் நடுவில் போட்டிருக்கிற பலகையில் நடக்கிற பழகிய நடை, ஆனால் இருபதைத் தாண்டியதும் ஒவ்வொரு பத்தியின் எண்ணையும் முதலில் பார்க்கத் தொடங்கினாள். இருபத்தேழில் பக்கத்து வீட்டு மோட்டார் ஓடியது. மின்சாரம் போய்விடுமோ என்று ஒரு கணம், போகட்டும் என்று அதே கணம். போகவில்லை. முப்பத்தைந்து. இன்னும் ஆறு. நாற்பதை வாசிக்கும்போது கண் கீழே ஓடிப்போய் நாற்பத்தொன்றின் முதல் வார்த்தையில் நின்றுகொண்டது, நாக்கு நாற்பதிலேயே தடுக்கி விழுந்தது, மன்னிக்கவும் என்று மறுபடி வாசித்தாள். ஓம் அக்கா. ஒன்பதாம் நாள் விடியற்காலையில் என் மாமா வாசலுக்கு வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனார். வாசித்துவிட்டு நிமிர்ந்தாள். தயாபரன் திரையைப் பார்க்கவில்லை. மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒதீலின் பேனா காகிதத்தின் மேல் காத்திருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று மதலேன் எண்ணினாள், சொல்லுங்கள், இல்லை என்று சொல்லுங்கள், நீங்களே சொல்லிவிடுங்கள். ஓம் அக்கா, என்றார்.

பேனா இறங்கியது. இறங்கும்போதே, மதாம், மொழிபெயர்ப்பாளர் ஒன்று சொல்ல வேண்டும் என்று பிரெஞ்சில் சொல்வது தன் குரல்தான் என்பது அவளுக்குக் கேட்டது. இந்த வாக்கியம் இவருடையது என்பதற்கு என்னால் உறுதி சொல்ல முடியாது. அன்றைக்குக் கணினி அணைந்தபோது நான் கேட்டதை இழந்துவிட்டேன். திரும்பக் கேட்காமல் நானே முடித்தேன்.  ஒதீல் பேனாவைக் காகிதத்திலிருந்து தூக்கினார். கோபப்பட்டிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். அவர் நாற்பத்தொன்றைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டு, முகமைக்கு இதை எழுத வேண்டியிருக்கும், அது பிறகு. இப்போது இவரிடம் முதலிலிருந்து கேளுங்கள், ஒன்பதாம் நாள் என்ன நடந்தது என்றார். தான் சொன்னதையும் ஒதீல் சொன்னதையும் அப்படியே தமிழாக்கினாள், எதையும் விடாமல், இழந்துவிட்டேன் என்பதையும் நானே முடித்தேன் என்பதையும். தயாபரன் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குக் கோபம் வரவில்லை. கூச்சப்பட்டவர்போல் லேசாகச் சிரித்தார்.

“அக்கா, நீங்கள் வாசிச்சது நல்லாத்தானே இருக்கு. அவர் வந்து கூட்டிக்கொண்டு போனது எண்டே இருக்கட்டுமே.”

அதைப் பிரெஞ்சில் சொன்னாள். ஒதீல், நடந்தது அதுதானா என்று கேட்டார். அதைத் தமிழில் சொன்னாள். தயாபரன் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகித் திருகித் திறந்து மூடினார்.

“இல்லை,” என்றார். மறுபடி கேட்க வைக்காமல், ஒரு கேள்விக்கே அவர் சொன்ன முதல் இல்லை. “மாமா வந்தவர்தான். வாசல் மட்டும் வந்தவர். அவரை உள்ள எடுத்தாப்பிறகுதான் என்னை வெளியில விட்டவங்கள். நான் அவரைத் தாண்டித்தான் போனனான். ஓடு எண்டுகூடச் சொல்லேல்லை. சட்டைப் பொத்தானைப் பூட்டு எண்டு சொன்னவர்.”

ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்தச் சொன்னாள். தாண்டி என்றால் எவ்வளவு பக்கத்தில் என்று ஒதீல் கேட்டார். கை படுகிற தூரம் என்றார் அவர். பொத்தானுக்கு வந்தபோது பிரெஞ்சு வார்த்தை வந்துவிட்டது, எளிய வார்த்தை, ஆனால் அவள் விரல் தன் ரவிக்கையின் ஊக்குக்குப் போயிருந்ததைப் பின்னால்தான் கவனித்தாள். ஒதீல் தட்டச்சு செய்தார். விசைகளின் சத்தம் கடலுக்கு அப்பாலிருந்து பொட்டுப் பொட்டாக வந்தது. சத்தம் நின்றதும் தயாபரன் முதல்முறையாகத் திரையை நேராகப் பார்த்து ஏதோ கேட்டார், அவளும் பழக்கத்தில் அதை அப்படியே பிரெஞ்சாக்கினாள்: இதை நான் அன்றைக்கே சொன்னேனா, அல்லது இன்றைக்குத்தான் சொல்கிறேனா, அக்கா? ஒதீல் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார். தலையைச் சாய்த்து அவளையே பார்த்தார். அப்போதுதான் அந்தக் கேள்வி யாருக்கு வந்தது என்று அவளுக்கு உறைத்தது. இரண்டு முகங்களும் காத்திருந்தன. அன்றைய அவர் பேச்சில் அந்தச் சட்டைப் பொத்தானைத் தேடினாள். ஒன்பதாம் நாள் விடியக்குள்ள, மாமா, வாசல், அதற்குப் பிறகு ஒரு குரல். அது அவர் குரலா, இப்போது, இந்த நிமிஷம், இங்கே கேட்டதா, அன்றைக்குக் கேட்டதா. பொத்தான் அங்கே இருந்தது மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது, தேடத் தேட அது இருக்கத் தொடங்கியது. தேடுவதை நிறுத்தினாள்.

“எனக்குத் தெரியேல்லை அண்ணா,” என்று அவருடைய தமிழிலேயே சொன்னாள். பிறகு அதை ஒதீலுக்கும் சொன்னாள்.